அன்புடன் அலைக்கும்

கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியில் 'அன்புடன் அழைக்கும்' என்று வர வேண்டும். 'அன்புடன் அலைக்கும்' என்று வந்துவிட்டது. ஐந்நூறு பத்திரிகை. பெண் வீட்டார் வாங்கிக்கொண்டு போய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் காணிப்பாக்கம் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருத்தன் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்திருக்கிறான்.

கம்போஸ் செய்தவன் நான். புரூஃப் பார்த்தவனும் நான்தான். 1999-ல் சித்தூர் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. தெலுங்கு மேட்டருக்கு மூன்று பேர் இருந்தார்கள். தமிழ் எது வந்தாலும் என் மேசைக்கு வரும். தமிழ் தெரிந்தவன் என்று எனக்கு அங்கே பெயர்.

பெண்ணின் அப்பா குடியாத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். சத்தம் போடுவார் என்று முதலாளியும் நானும் எழுந்து நின்றுகொண்டோம். அவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, எங்க ஊருக்கு வர்றவங்க அலையறது நெசந்தான். பஸ்ஸ உட்டு எறங்கி மூணு கிலோமீட்டர் நடக்கணும். அதுக்காக அதையே பத்திரிகையில போட்ருவியா?" என்றார். அதற்கு அவர் சத்தமே போட்டிருக்கலாம்.

லகரத்துக்கு ஒரு வால் இழுத்துவிட்டால் ழகரம் ஆகிவிடும் என்று பேனாவை எடுத்தேன். நீங்களும் இழுத்துப் பாருங்கள், ஆகாது. நாலைந்து பத்திரிகையில் புதிதாக ஓர் எழுத்து பிறந்தது. எந்த மொழிக்கும் அதில் பாத்தியதை இல்லை. பிறகு 'அழைக்கும்' என்ற ஒரே சொல்லைத் தாள் நிறைய வரிசை வரிசையாக அடித்து, பிளேடால் நறுக்கி, மைதாப் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினேன். ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது. பத்திரிகையில் ஒரு துண்டு ஒட்டினால் என் விரலில் இரண்டு துண்டு ஒட்டியது. நடுவில் தூக்கம் சொக்கியதில் முப்பது, நாற்பது துண்டுகள் தலைகீழாகப் போய்விட்டன. பிரித்தால் தாள் கிழிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வைத்தார்கள், போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். கடைசி வரியில் ஓரிடம் மட்டும் மேடு தட்டியிருந்தால் கை சும்மா இருக்குமா? கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சுரண்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? வந்தவர்களில் பாதிப் பேர் சுரண்டியிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஒட்டாமல் விட்டிருந்தால் பத்துப் பேர் கண்ணில்கூடப் பட்டிருக்காது. நாள், நேரம், மண்டபம் மூன்றைத் தவிர கல்யாணப் பத்திரிகையில் யார் எதைப் படிக்கிறார்கள்?

1631-ல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில், பத்துக் கட்டளைகளில் ஒன்றில் 'கூடாது' என்பதற்கான சொல் விட்டுப்போய், விபசாரம் செய்வது கடவுள் கட்டளை ஆகிவிட்டது. அச்சிட்ட ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூக்காஸுக்கும் 300 பவுண்டு அபராதம். அழித்ததுபோக மிஞ்சிய சில பிரதிகளுக்கு இன்றைக்கு ஏலத்தில் ஏகப்பட்ட கிராக்கி. எனக்குச் சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடித்தார்கள். என் பத்திரிகையை ஏலம் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

என் தமிழ் இப்படி ஆனதற்குப் பழி போட ஆள் தேடிப் பார்த்தேன். சரித்திரம் கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம் என்று எடுத்து எங்கள் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியது 1911 ஏப்ரல் 1-ல். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடினார். கடைசியில் எல்லைத் திருத்தச் சட்டம் என்று ஒன்று வந்து, 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதியும் ஏப்ரல் 1. மாவட்டம் பிறந்ததும் திருத்தப்பட்டதும் முட்டாள்கள் தினத்தில் என்றால், அதில் பிறந்த பிள்ளை எப்படி எழுதும்? 2022-ல் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியபோது மட்டும் சுதாரித்துக்கொண்டு ஏப்ரல் 4 வரை பொறுத்திருந்தார்கள்.

அப்பா படித்தது தமிழில், நான் படித்தது தெலுங்கு மீடியத்தில். தமிழை அம்மா வாயிலிருந்தும், வேலூர் பஸ்களின் போர்டுகளிலிருந்தும், சினிமா போஸ்டர்களிலிருந்தும் பொறுக்கிக்கொண்டேன்.

இதில் ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. தெலுங்கில் பெரும்பாலான எழுத்துகளுக்குத் தலையில் ஒரு கொக்கி உண்டு. தலகட்டு என்பார்கள். அது ஏறினால்தான் எழுத்துக்கு அகரம் வரும். தமிழில் கதை நேர் எதிர். தலையில் புள்ளி ஏறினால் அகரம் போய்விடும். ஆறு வயதிலிருந்து தலகட்டுப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. எழுத்துக்கு உயிர் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நான் கொன்ற தமிழ் எழுத்துகளுக்குக் கணக்கில்லை. 'கமலம்' என்று எழுதி அப்பாவின் சிநேகிதரான ஒரு தமிழய்யாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "க்ம்ல்ம்" என்று படித்தார். "ஏன்டா, இது இருமலா, தும்மலா?" என்றார். கல்வெட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கொஞ்சம் முந்திப் பிறந்திருக்கலாம்.

தலகட்டுப் பழக்கத்தைப் பத்து வருஷத்தில் உதறிவிட்டேன். மூன்று இடங்களில் மட்டும் கண் இன்னமும் திறக்கவில்லை. நகரம், னகரம் இரண்டுக்கும் தெலுங்கில் ஒரே எழுத்து. றகரத்தைப் 'பண்டி ர' என்று பழைய புத்தகங்களில் வைத்துவிட்டு ரகரத்தோடு குடித்தனம் நடத்துகிறார்கள். ழகரம் அந்த மொழியை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டு ஆகிறது. தமிழோ சரியாக இந்த மூன்று இடங்களில்தான் தன் மானத்தைக் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறது. ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகையில் அறங்காவலர்களை அரங்காவலர்களாக்கி நாடகக் கொட்டகைக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்றில் 'இறந்த' பெரியவரை 'இரந்த' பெரியவர் ஆக்கினேன். ஊருக்கே வட்டிக்குக் கொடுத்த மனுஷர், பிச்சை எடுத்தவராகப் பதினாறு நாள் நாற்சந்தியில் நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வட்டி கட்டியவர்கள் பார்த்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருந்தார்களோ என்னவோ.

இந்த லட்சணத்தில்தான் கட்டுரை எழுத வந்தேன்.

முதல் கட்டுரையை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பியபோது கூடவே ஒரு கடிதம் வைத்தேன். பெருந்தன்மையாக ஏதாவது எழுத வேண்டுமே என்று, 'எனக்குச் சன்மானம் அவசரம் இல்லை' என்று முடித்தேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பணம் வேண்டாம் என்று நான் சொன்னது, மெதுவாகக் கொடுங்கள் என்று அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்து இரண்டு வருஷம் கழித்து நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினார்கள். தெலுங்குப்படி வாங்கியிருக்கக் கூடாது. தமிழ்ப்படி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையில் தப்பு என்னுடையது மட்டும் இல்லை. அம்மா காலையில் எங்களுக்குக் கொடுக்கும் கேழ்வரகுக் களியைச் சித்தூர்ப் பக்கம் சங்கட்டி என்போம். 'அம்மா தினமும் விடியற்காலையில் எழுந்து எங்களுக்காக ராகிச் சங்கட்டி கிண்டினாள்' என்று எழுதியிருந்தேன். புரூஃப் பார்த்தவர் என்னை நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மற்ற வரிகளைப் படித்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அச்சில் வந்தது இப்படி: 'அம்மா தினமும் விடியற்காலையில் எழுந்து எங்களுக்காக ராகிச் சங்கடம் கிண்டினாள்.' கோபத்தோடு மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தேன். ஐந்து பிள்ளைகள், ஒரு படி மாவு, விறகடுப்பு. கடிதத்தை எழுதவில்லை.

ஆனாலும் பல வருஷம் அச்சில் வந்த என் கட்டுரையை நான் படிக்கவே மாட்டேன். இதழ் தபாலில் வந்தால் பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிடுவேன். பிரித்தால் முதல் பக்கத்திலேயே ஒரு ரகரம் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கும். அன்றைக்குச் சோறு இறங்காது. ஆறுமுக நாவலர் பதிப்பித்த புத்தகங்களில் பிழை காண்பது அரிது என்பார்கள். அப்படிப்பட்டவர் இருந்த மொழியில் நானும் எழுதுகிறேன் என்பது தூக்கத்தையும் கெடுத்தது.

இதற்கு வைத்தியமாக நான் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். டொனால்டு கனூத், கம்ப்யூட்டர் உலகின் பெரியவர்களில் ஒருவர். நிரல் எழுதும் கலையைப் பற்றி 1968-லிருந்து பாகம் பாகமாக வெளியிட்டு வருகிறார். அவர் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குச் செக் அனுப்புவார். பதினாறு பதினாறாக எண்ணும் கம்ப்யூட்டர்காரர்களுக்கு 256 தான் நூறு. செக் வாங்கியவர்களில் பலர் அதை பேங்கில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். 2008-ல் நிஜச் செக்கை நிறுத்திவிட்டு, சான் செரிஃப் என்ற தீவின் வங்கிப் பெயரில் சான்றிதழ் கொடுத்தார். அப்படி ஒரு தீவே கிடையாது. 1977-ல் லண்டன் கார்டியன் பத்திரிகை வாசகர்களை ஏமாற்றப் படைத்த தீவு அது. தேதி? ஏப்ரல் 1. அதைப் படித்ததும் இவர் நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்கா மகள் வேலூரில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். கனூத் வழியில் அவளுக்கு ஒரு பிழைக்கு மூன்று ரூபாய் என்று பேசினேன். அவருடைய கொடைக்கு உள்ள ரகசியம் எனக்கு அப்போது புரியவில்லை: அவர் புத்தகத்தில் பிழை குறைவு. முதல் கட்டுரையில் நாற்பத்தொன்று, 123 ரூபாய். அடுத்ததில் ஐம்பத்தெட்டு, 174 ரூபாய். அந்தக் கட்டுரைக்கு எனக்கு வந்த சன்மானமே நூறு. மூன்றாவது கட்டுரையைக் கொடுத்தபோது அவள் கவலையோடு கேட்டாள்: "மாமா, எனக்கு ஃபீஸ் கட்டணும்னு வேணும்னே தப்பு பண்றீங்களா?"

பணத்துக்காக இல்லை, தன்மானத்துக்காக அந்தக் கட்டுரையின் திருத்தங்களை வரி வரியாகப் பார்த்தேன். 'கீது' என்று வந்த இடமெல்லாம் 'இருக்கிறது' ஆகியிருந்தது. பப்பு பருப்பாகி இருந்தது. சங்கட்டி இந்தத் தடவை களியாகி இருந்தது. எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. "இதெல்லாம் தப்பு இல்ல. உங்க பாட்டி பேசின பேச்சு" என்றேன்.

"பேச்சுல சரி மாமா. எழுத்துல வந்தா தப்புதான்."

நாமினி சுப்ரமண்யம் நாயுடுவை இழுத்தேன். இதே மாவட்டத்துக்காரர். இங்கே வீட்டிலும் களத்துமேட்டிலும் பேசுகிற தெலுங்கை அப்படியே தாளில் இறக்கியவர். பள்ளிக்கூட வாத்தியார் சிவப்பு மையோடு உட்கார்ந்தால் பக்கத்துக்கு இருபது சுழிப்பார். வாசகர்கள் அதற்காகவே அவரைத் தேடிப் படித்தார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவரு தெரிஞ்சு எழுதினாரு மாமா."

மூன்று ரூபாயை எடுத்து வைத்தேன்.

இதற்கு இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாகத் திருப்பதி போனவன், பஸ் நிலையத்தில் காளஹஸ்தி வண்டி கிளம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஏறிவிட்டேன். காளஹஸ்திக்கு ஜனங்கள் வருவது ராகு, கேது தோஷத்துக்குப் பரிகாரம் செய்ய. எழுத்துப் பிழை தோஷத்துக்குக் கவுண்டரில் டிக்கெட் கிடையாது. இருந்தாலும் அதற்கு அதைவிடப் பொருத்தமான தலம் தமிழில் இல்லை என்பது என் கட்சி.

நக்கீரர் கதையின் முற்பாதி எல்லோருக்கும் தெரியும். 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படம் சித்தூர்த் தெலுங்குக்காரர்களுக்கும் பாடம். நாகேஷின் தருமி, பிழைக்குத் தகுந்தபடி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவாரே, அந்தக் காட்சியில் கொட்டகையே சிரிக்கும்போது நான் மட்டும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். கதையின் பிற்பாதியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நெற்றிக்கண்ணில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரர், மன்னிப்புக் கேட்டுப் பாடியதாகச் சொல்வது 'கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி'. நூறு வெண்பா. ஒரு பாட்டு கயிலாயத்துக்கு, அடுத்த பாட்டு காளத்திக்கு, அதாவது இந்தக் காளஹஸ்திக்கு என்று மாறி மாறிப் போகும். சங்கத்து நக்கீரர் வேறு, அந்தாதி பாடியவர் வேறு, காலமே வேறு என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் ஒருவராகவே இருப்பதுதான் வசதி. அடுத்தவன் பாட்டில் குற்றம் கண்டவர், தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டு நூறு பாட்டுக்கு எதுகை தேடியதை நினைத்தால் என் வயிறு கொஞ்சம் குளிர்கிறது.

அதே ஊர்தான் கண்ணப்பருக்கும் தலம். வாயில் கொண்டுவந்த தண்ணீரால் அபிஷேகம், தலையில் செருகிவந்த பூவால் அர்ச்சனை, மென்று ருசி பார்த்த பன்றிக்கறி நைவேத்தியம். புரூஃப் பார்க்க ஒரு சிவகோசரியார். அவர் தினமும் காலையில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, அலம்பி, ஆகமப்படி பூஜை செய்துவிட்டுப் போவார். மறுநாள் பார்த்தால் பழையபடி கறி. படிக்கிறவர்கள் எல்லோரும் கண்ணப்பரைக் கொண்டாடுகிறார்கள். சிவகோசரியாரின் நிலைமை எனக்குத்தான் புரியும், ஏனென்றால் அக்கா மகள் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. கண்ணப்பருக்கு ஆகமம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்து எழுதினாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பொன்முகலி ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

திருப்பதியில் இறங்கி, கோவிந்தராஜர் கோயில் தெருவில் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான். அந்த மாதமே அந்தப் புத்தகத்தில் 'மார்களி' என்றுதான் இருக்கிறது. வேறு எப்படி இருக்க முடியும், எழுத்து இல்லையே. ஆண்டாளை அப்படிப் பாடிக்கொண்டு விடியற்காலையில் எத்தனையோ தெலுங்கு வீடுகளில் விளக்கேற்றுகிறார்கள். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன்.

இதனால் என் தமிழ் திருந்தியதா என்றால், இல்லை. இப்போதும் இதழ் வந்ததும் என் கட்டுரையில் தப்பைத்தான் முதலில் தேடுகிறேன். இருக்கிறது. தலையில் அடித்துக்கொள்கிறேன். பிறகு சாப்பிடப் போகிறேன். அந்தக் கடைசிப் பகுதி புதிது.

2024-ல் மாந்தோப்புக்காரர் வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறி, முதலாளி மகன் முதலாளி ஆகி, நான் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போய்வருகிறேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் மகளுக்கு இப்போது கல்யாணமாம். மடியிலிருந்து பழைய பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதே மாதிரி போடு தம்பி. எழுத்து பெருசா இருக்கட்டும்." கடைசி வரியில் துண்டு இல்லை. யாரோ சுரண்டியிருந்தார்கள், பசையின் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. அதற்கடியில் 'அலைக்கும்' இருபத்தைந்து வருஷமாக அப்படியே.

மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'ஸ்ரீ வினாயகர் துணை.' நகரம் வர வேண்டிய இடத்தில் னகரம். இதைத்தான் காணிப்பாக்கத்தில் அவர் காலடியில் வைத்து எடுத்து வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஐந்நூறு பத்திரிகையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒட்டியவன் நான். ஐந்நூறு தடவை என் கண்முன்னால் போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் பார்க்கவில்லை, பந்தியில் சுரண்டியவர்கள் பார்க்கவில்லை, சம்பளத்தில் பிடித்த முதலாளியும் பார்க்கவில்லை. பேர் போனவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவரிடம் நானும் சொல்லவில்லை. ஸ்கிரீனில் அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, மீதியை அடித்து, புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. திருப்பி என்னிடமே நீட்டினார்.

"கடைசி வரிய மட்டும் ஒருவாட்டி படிச்சுக் காட்டு தம்பி."

தாளைக் கிட்டே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "அன்புடன் அளைக்கும்."

"சரியா கீது," என்றார்.